ஒழுக்கத்தில் வெல்லம் வாங்கிய மார்க்

நான் வகுப்புக்குள் நுழைந்தால் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான் கேட்கும். எட்டாம் வகுப்பு 'சி' பிரிவின் நாற்பத்தைந்து பிள்ளைகளையும் ஒரு புருவத்தை உயர்த்தியே அடக்கியவள் நான். இதை நான் சொல்லவில்லை, பள்ளிக்கூடமே சொல்லும். (சரி, நானும் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.) அதனால்தான் இந்த வாக்குமூலம் கொஞ்சம் கசக்கிறது. ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்த என் நினைப்பை, பிறந்து ஏழு மாதமே ஆன ஒரு நாய்க்குட்டி, முனியப்பன் சந்நிதியில், பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் ஈரமாக்கிவிட்டது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி பிரபுதான் ஆரம்பித்து வைத்தான். ஆசைப்பட்டு ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கிவிட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் கூடாது என்றதும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினான். அச்சு வெல்லத்தின் நிறம். வெல்லம் என்றே பெயர் வைத்தோம்.

"அக்கா, இது சாதாரண நாய் இல்ல. வேட்டைக்குப் போறவங்க வச்சிருந்த ஜாதி. துப்பாக்கில சுட்டு வுழுந்த பறவைய தேடிப் போயி, பல்லு படாம கவ்விக்கினு வந்து கையில குடுக்கும். அதோட வாயி பஞ்சு" என்றான்.

"நம்ம வூட்ல யாரு துப்பாக்கி வச்சிக்கினு இருக்கா?" என்று கேட்டார் என் மாமியார் அஞ்சலை. அத்தையின் கேள்விகளுக்குப் பொதுவாகப் பதில் கிடையாது. குட்டி அவர் காலடியில் சின்னதாக ஒரு குளம் கட்டியது. அன்றைக்கே அவர் சட்டம் போட்டுவிட்டார். நாய் சமையலறைக்குள் வரக் கூடாது, அவர் கட்டிலருகே வரக் கூடாது, அவர் கண்ணில் படவே கூடாது. இரண்டு அறையும் ஒரு கூடமும் இருக்கிற வீட்டில் மூன்றாவது விதியை எப்படிக் கடைப்பிடிப்பது என்று குட்டிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆசிரியைக்கு ஒரு குட்டி கிடைத்தால் என்ன செய்வாள்? கால அட்டவணை போட்டேன். காலை ஆறு மணி, உட்காருதல். ஆறே கால், காத்திருத்தல். ஆறரை, வந்தவர் மேல் தாவாமல் இருத்தல். அழகாகக் கலர் பேனாவில் எழுதி, கூடத்துச் சுவரில் குட்டியின் கண்ணுக்கு நேராக ஒட்டினேன். (அதன் கண்ணுக்கு நேராக ஏன் ஒட்டினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.) இரண்டாம் நாள் வெல்லம் அட்டவணையைத் தின்றுவிட்டது. முதல் பாடத்திலேயே புத்தகத்தைக் கரைத்துக் குடித்த ஒரே மாணவன் அவன்தான்.

நான் விடவில்லை. மாதா மாதம் ரேங்க் கார்டு எழுதினேன். உட்காருதல், இருத்தல், கொண்டுவருதல், கொடுத்தல், கடைசியாக ஒழுக்கம் என்று ஐந்து பாடம். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் என் கணவர் செல்வம் கையெழுத்துப் போடுவார். பாவம், அவருக்கு வேறு வழியில்லை.

பரிசு, அவித்த மல்லாட்டை. ஊரில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். உப்புப் போடாமல் தனியாக அவித்து, தோலுரித்து, ஒரு டப்பாவில் இடுப்போடு வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு மல்லாட்டைக்காக வெல்லம் உட்காரும், எழும், விட்டால் கணக்குக்கூடப் போடும். வேட்டை நாய் வம்சத்துக்கு முக்கியமான பாடம் 'கொண்டா'. பழைய துண்டைச் சுருட்டிக் கட்டித் தூக்கி எறிவேன், அது ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வரும். 'குடு' என்றால் கையில் வைக்கும். இந்தப் பாடத்துக்குப் பிரபு போனில் ஒரு விதி சொல்லியிருந்தான்.

"அக்கா, இது எத கொண்டாந்தாலும் திட்டக் கூடாது. நல்ல பையன்னு சொல்லி வாங்கிக்கணும். ஒரு தபா திட்னா போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் கொண்டாராது. எத்தினி பேரு பாத்துக்கினு இருந்தாலும் திட்டாத."

நான் விதிகளை மதிப்பவள். எதிர்வீட்டுக்காரரின் செருப்பு வந்தது, 'நல்ல பையன்' என்றேன். பக்கத்து வீட்டுப் பாப்பாவின் ஜட்டி வந்தது, 'நல்ல பையன்' என்று சொல்லி மல்லாட்டை கொடுத்துவிட்டு, முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். ஒருநாள் வாசலிலிருந்து அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கொண்டுவந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அன்று எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை. அடுத்த வாரமே கோழி முட்டையை வாயில் கொடுத்து, கூடத்திலிருந்து வாசல் வரை நடத்திப் பார்த்தேன். முட்டையில் கீறல்கூட இல்லை! தெருவில் போன கீரைக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நாய் வாயில வச்ச முட்டைய அவிச்சி எங்களுக்குப் போடப் போறியா? எச்சி இல்ல?" என்றார் அத்தை. எச்சில் விஷயத்தில் அவர் கறாரானவர். அந்த முட்டையை நான் ஒருத்தியே தின்றேன்.

அத்தைக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. முந்தைய வருடம் தியாகதுருகம் போகும் சாலையில் என் கணவர் வண்டியோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தகடு வைத்துத் தைத்த காலோடு கட்டிலில் கிடந்த மகனைப் பார்த்து, "எம் புள்ள எழுந்து நடக்கட்டும், முனியப்பனுக்கு சேவல் வுடறேன்" என்று அத்தை வேண்டிக்கொண்டார். இவர் எழுந்து நடந்தார். நாத்தனார் வீட்டுத் தோட்டத்தில் அத்தைக்கென்று ஒரு செவலைச் சேவல் காலில் மஞ்சள் துணியோடு வளர்ந்தது. அந்தச் சேவல்மேல் யார் கால் பட்டாலும் அத்தை தாங்கமாட்டார். நேர்ந்துவிட்டதல்லவா.

முனியப்பன் கோயில் மலைமேல், கரியாலூரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஆடி மாதத்தில் பங்காளிகள் எல்லோரும் ஒன்றாகப் போய்ப் பொங்கல் வைப்பது வழக்கம். நாள் குறித்தாகிவிட்டது. வெல்லத்தை யாரிடம் விடுவது?

"கூட்டிக்கினு போலாங்க. நான் சொன்னா அது அசையாது" என்றேன், பங்காளிகள் நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "தோ பாரும்மா. அங்க ஒரே ஒரு தப்பு பண்ணட்டும். அடுத்த நாளே இந்த நாயி இந்த வூட்ல இருக்கக் கூடாது. சம்மதமா?"

ஓசூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பன் ஒருவன் நாயை வாங்கிக்கொள்ளத் தயார் என்று பிரபு ஏற்கெனவே சொல்லியிருந்தான். அது அத்தைக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். புத்தியுள்ளவள் மூடிக்கொண்டிருப்பாள்.

"ஒரு தப்பு பண்ணா நானே கொண்டுபோயி வுட்டுட்டு வர்றேன் அத்த" என்றேன். நாலு பேர் சாட்சி.

மலைப்பாதையில் வேன் வளைந்து வளைந்து ஏறியது. முன்சீட்டில் அத்தை மடியில் சேவல். பின்சீட்டில் என் காலடியில் வெல்லம். ஏழாவது வளைவிலோ எட்டாவதிலோ வண்டியை நிறுத்தி ஓரமாக வாந்தி எடுத்தது வெல்லம் இல்லை, சேவலும் இல்லை, நான்தான். வெல்லம் கதவோரம் உட்கார்ந்து என்னைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது. அன்று ஒழுக்கத்தில் எங்கள் இருவரில் யாருக்கு மார்க் அதிகம் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

கோயில் என்றால் கூரையில்லை. மரங்களுக்கு நடுவே மூன்று கல், நட்டுவைத்த வேல், மஞ்சளும் குங்குமமும். பக்கத்தில் பெரிய நாவல் மரம். அதன் வேர்களில் பங்காளிகள் தத்தம் சேவலை வாழைநாரால் கட்டியிருந்தார்கள். நாலு குடும்பம், நாலு சேவல். ஐந்தாவதாக அத்தையின் செவலை. பொங்கல் பொங்கும்வரை எல்லோரும் நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

வெல்லம் என் பக்கத்தில், 'இரு' என்று ஒரே ஒரு முறை சொன்னதற்காக, அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தார்கள். பொங்கல் வாசனை வந்தது. மலைக்காற்றில் இலை பறந்தது. ம்ஹூம். என் கணவரின் பெரியப்பா, குடும்பத்துக்கே மூத்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா, பொம்மையா இது? எங்க வூட்டு பசங்க ஒண்ணுகூட இப்டி ஒக்காராதே!"

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது. எனக்குத் தலை கால் புரியவில்லை. "இது இன்னா மாமா, 'கொண்டா'ன்னா இன்னா பண்ணும்னு பாருங்க" என்று எழுந்து, பையிலிருந்து சுருட்டிய துண்டை எடுத்து, கையை நன்றாகச் சுழற்றி எறிந்தேன். கணக்கு டீச்சர் எறிந்த துண்டு. கோணம் தப்பியது. நாவல் மரத்தடியில், சேவல்களுக்கு நட்டநடுவில் போய் விழுந்தது.

"கொண்டா!"

வெல்லம் பாய்ந்தது. துண்டருகே போய் நின்றது. துண்டைப் பார்த்தது, சேவலைப் பார்த்தது. அதன் பாட்டன் பூட்டன் பார்த்த வேலை என்னவென்று அந்த நொடியில் அதற்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். துண்டை விட்டது. பெரியப்பாவின் வெள்ளைச் சேவலை முதுகோடு பொத்தினாற்போல் கவ்வியது. வாழைநார் பட்டென்று அறுந்தது. தலையை நிமிர்த்தி, வாலை ஆட்டிக்கொண்டு, நேராக என்னிடம் வந்து, முன்னால் உட்கார்ந்து, சேவலை நீட்டியது.

ஊரே வாய் பிளந்து நிற்கிறது. நேர்ந்துவிட்ட சேவல், நாய் வாயில். பிரபுவின் குரல் காதில் கேட்கிறது. 'எத்தினி பேரு பாத்துக்கினு இருந்தாலும் திட்டாத.'

"குடு" என்றேன். கொடுத்தது.

"நல்ல பையன்" என்றேன், அழுகிற குரலில். மல்லாட்டையும் கொடுத்தேன்.

அதுதான் நான் செய்த பிழை. வெல்லத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. இன்றைக்குப் பாடம் துண்டு இல்லை, சேவல். ஒரே ஓட்டமாகப் போய் இரண்டாவதைக் கொண்டுவந்தது. 'நல்ல பையன்.' மூன்றாவது. 'நல்ல பையன்.' ஒவ்வொரு கக்கத்திலும் ஒரு சேவலை இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, மல்லாட்டைக்குக் கை போதாமல் நின்றேன். "யம்மா டீச்சரு, இன்னா பரிசு குடுத்துக்கினு கீற நீ? புடிச்சிக் கட்டும்மா!" என்று ஒரு சித்தப்பா கத்தினார். நாலாவதும் வந்து சேர்ந்தது. இவர் ஒரு காலைத் தாங்கித் தாங்கி வெல்லத்தின் பின்னால் ஓடினார். முனியப்பன் எழுப்பிவிட்ட கால், முனியப்பன் சேவலைத் துரத்த உதவியது.

ஐந்தாவது, அத்தையின் செவலை. அதைக் கவ்வியதும் வெல்லம் என் பக்கம் வரவில்லை. (எனக்குத்தான் கை இல்லையே.) நேராக அத்தையிடம் போய், அவர் முன்னால் உட்கார்ந்து, சேவலை அவர் மடியில் மெதுவாக வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்தது.

அத்தை மடியிலிருந்த சேவலையே வெறித்துப் பார்த்தார். ஆனால் அவர் கை மட்டும் தன்பாட்டுக்கு முந்தானை முடிச்சுக்குப் போனது. முடிச்சை அவிழ்த்தது. ஒரு மல்லாட்டையை எடுத்து வெல்லத்தின் வாயில் போட்டது.

இவர் ஓடுவதை நிறுத்திவிட்டு நின்றார். "யம்மா, நீயுமா?"

"பசிக்குமேன்னு வச்சிருந்தேன். எனக்கு" என்றார் அத்தை. அவருக்கு அவித்த மல்லாட்டை ஆகாது, வாயு என்று பத்து வருடமாகச் சொல்கிறவர்.

சிரிக்க நேரமில்லை. சேவல்களைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பெரியப்பா தன் வெள்ளையை வாங்கி இறக்கையை விரித்து, அடிவயிற்றைத் தடவி, காலை இழுத்துப் பார்த்தார். "ஒரு எறகு உதிரல" என்றார், நம்பமுடியாமல். "காயமே இல்லப்பா." மற்ற நாலு சேவலும் அப்படியே. எல்லாம் கொஞ்சம் ஈரமாக இருந்தன, அவ்வளவுதான். அந்த ஈரம்தான் பிரச்சினை. எச்சில் பட்டதை சாமிக்கு விடலாமா என்று பேச்சு எழுந்தது. இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் வேறு சேவல் விடலாம் என்றார் ஒருவர். அத்தை செவலையை மடியில் வைத்துக்கொண்டு மகனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரம். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெல்லத்தின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு ஓசூர் பஸ் ஏறி உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

பூசாரிதான் முடிவு சொன்னார். "நாம இன்னாத்துக்கு பேசிக்கினு? எப்பவும் கேக்கற மாதிரி கேட்டுடலாம். தண்ணி தெளிக்கறேன். சிலுப்பிச்சின்னா சாமிக்கு சம்மதம். சிலுப்பலன்னா வேணாம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் உடம்பை ஒரு உதறு உதறினால் உத்தரவு கிடைத்துவிட்டது. பம்பைக்காரர் பம்பையை அடிப்பார், பெண்கள் குலவையிடுவார்கள். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது.

பெரியப்பாவின் வெள்ளை தண்ணீர் பட்டதுமே சிலுப்பியது. அடுத்த மூன்றும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் பம்பை, குலவை. நான் மூச்சு விட்டேன்.

கடைசியில் அத்தையின் செவலை. அதை சாமி முன்னால் நிறுத்தினார்கள். வெல்லத்தைத் தனியே விட்டால் இன்னும் எதைக் கொண்டுவருமோ என்று பயந்து, நானும் அதைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, 'இரு' என்றேன். பூசாரி தண்ணீர் தெளித்தார். செவலை அசையவில்லை. மறுபடி தெளித்தார். ஒற்றைக் கண்ணால் பூசாரியைப் பார்த்தது.

"சாமி, எம் புள்ள நடந்துட்டான். நான் சொன்ன சொல்ல காப்பாத்தணும். வாங்கிக்கப்பா" என்று அத்தை கைகூப்பி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பூசாரிக்குப் பொறுமை போயிற்று. சொம்போடு தூக்கி மொத்தத் தண்ணீரையும் ஊற்றினார். பாதி சேவல்மேல் விழுந்தது, பாதி வெல்லத்தின்மேல்.

செவலை கல்லாக நின்றது.

வெல்லம் எழுந்திருக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்திருக்கவே இல்லை. 'இரு' என்று சொன்ன இடத்தில் உட்கார்ந்தபடியே, மூக்கு நுனியில் ஆரம்பித்து வால் நுனிவரை, காது இரண்டும் படபடவென்று அடிக்க, அப்படி ஒரு சிலுப்பு சிலுப்பியது. பூசாரி, பெரியப்பா, அத்தை, நான், முனியப்பன், ஒருவர் பாக்கியில்லை, எல்லோரும் நனைந்தோம்.

கூட்டத்தின் பின்னால் நின்ற பம்பைக்காரருக்குக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. படபடவென்ற சத்தம் மட்டும் கேட்டது. பம்பையை அடித்துவிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். "உத்தரவு ஆயிடுச்சி!" என்று ஒரு குரல்.

முன்வரிசையில் இருந்தவர்கள் அப்படியே நின்றோம். கத்தி வைத்திருந்தவர் சேவலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "இப்ப எத புடிக்கறது?" என்றார்.

பிறகு நடந்ததை நான் சொல்லவே கூடாது. ஆனால் குடும்பத்தில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எட்டாம் வகுப்பு 'சி' பிரிவை ஒரு புருவத்தால் அடக்கிய நான், சேற்றில் மண்டியிட்டு நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வேணும்னா என்ன வெட்டுங்க!" என்று அலறினேனாம். கத்திக்காரர் பயந்து கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாராம்.

"உத்தரவு ஆனது ஆனதுதான். அடிச்ச பம்பைய திருப்பி எடுக்க முடியாது" என்றார் பூசாரி, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அப்போது அத்தை எழுந்தார். முந்தானையால் முதலில் தன் முகத்தைத் துடைத்தார். பிறகு வெல்லத்தின் தலையைத் துடைத்தார்.

"ஏன் எல்லாரும் முழிச்சிக்கினு கீறீங்க? சாமி ஏத்துகிச்சி. சேவல இல்ல, இத்த. ஏத்துகினத வெட்டித்தான் ஆவணுமா? உசுரோட வுட்றதும் வழக்கம்தானே?"

"அப்ப கோயில்லயே வுட்டுட்டுப் போணும்மா" என்றார் பெரியப்பா.

"முனியப்பனுக்கு காவலுக்கு நாய் வேணுமா? மலையே அவுரு காவல்ல இருக்குது. இது சாமி சொத்து. எங்க வூட்ல வச்சி நான் பாத்துக்கறேன். ஓசூருக்கும் குடுக்க மாட்டேன், எவனுக்கும் குடுக்க மாட்டேன். சாமி சொத்த கைமாத்தலாமா?"

பூசாரி கொஞ்சம் யோசித்தார். சட்டப்படி குறை எதுவும் தென்படவில்லை போலிருக்கிறது. வெல்லத்தின் நெற்றியில் திருநீறு பூசினார். அது திருநீற்றை நக்கப் பார்த்தது. சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்ட செவலை எங்களோடு வேனில் ஏறியது. இறங்கும்போது வெல்லம் முன்சீட்டில் அத்தை காலடியில், நானும் சேவலும் பின்சீட்டில்.

செவலை இன்றும் எங்கள் மொட்டைமாடியில் இருக்கிறது. வெல்லத்துக்கு அதைக் கண்டால் பயம். ஆடி மாதம் மலைக்குப் போனால், எங்கள் வேனைப் பார்த்ததும் பங்காளிகள் சேவலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் முதல் பொங்கல் எங்கள் வெல்லத்துக்குத்தான்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். மலைக்குப் போய்வந்த அந்த மாதக் கடைசியில் ரேங்க் கார்டு எழுத உட்கார்ந்தேன். உட்காருதல் நூறு. இருத்தல் நூறு. கொண்டுவருதல் நூறு. கொடுத்தல் நூறு. ஒழுக்கம் வந்ததும் பேனா நின்றது. ஆசிரியை என்றால் நியாயம் வேண்டுமல்லவா, முப்பத்தைந்து போட்டேன். ஜஸ்ட் பாஸ்.

மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தார். "இன்னா போட்ட?"

"முப்பத்தஞ்சு அத்த."

"சாமிக்கு பதிலா உத்தரவு குடுத்த புள்ள. அதுக்கு முப்பத்தஞ்சா? நூறு போடு."

பதினான்கு வருடத்தில் எந்தப் பெற்றோர் வந்து எப்படிக் கெஞ்சினாலும் நான் மார்க்கைத் திருத்தியதில்லை. அன்று திருத்தினேன். கார்டை அத்தை கையில் வாங்கி, பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் நாலு எழுத்தையும் தனித்தனியாக, அழுத்தி, 'அஞ்சலை' என்று எழுதினார். அது இப்போதும் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. நான் சாம்பாரைத் தீயவிட்டாலும் சரி, இவர் வண்டிச் சாவியைத் தொலைத்தாலும் சரி, அத்தை கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினாலும் சரி, எங்கள் வீட்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. "நூறு போடு" என்கிறோம்.